அன்று அலறியது யாருடைய கருவி?

அத்தியாயம் 9

யார் செத்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தாலும் கல்லம்மாவுக்குப் பசிக்கும். இருபத்தாறு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகச் சாவுகளை விசாரித்துப் பழகிய உடம்பு அது. அழுகிறவர்களுக்கு எதிரில் உட்கார்ந்து படிவம் நிரப்புவாள், வெளியே வந்து வயிறு நிறையச் சாப்பிடுவாள். கல்லம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கம்பெனியில் எவனோ முதுகுக்குப் பின்னால் வைத்தது. அது காதில் விழுந்த அன்று கோபமாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறிய உட்கார்ந்தபோது வாசல் பலகையில் அதையே எழுதச் சொல்லிவிட்டாள்.

இப்போது மூளை ஆராய்ச்சிக்கூடத்தின் கேன்டீனில், நின்றபடி பிரெட் ஆம்லெட் தின்றுகொண்டிருந்தாள். மணி பதினொன்று.

"அக்கா, இந்த ஆம்லெட்டுக்கு நேத்தே உயிர் போயிடுச்சு. இதையும் விசாரிக்கணும்" என்றான் ரேடியோ.

ரேடியோ அவளுடைய உதவியாளன். வயது நாற்பத்தொன்று. பன்னிரண்டு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். 'பின்னாடி படுத்திருக்கிறவங்க பதில் பேச மாட்டாங்க, அதனால நானே ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிப் பழகிட்டேன்' என்று காரணம் சொல்வான். அணைக்கப் பொத்தானே கிடையாது.

"வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு. நமக்கு என்ன தெரியும்னு ஒரு தடவை சொல்லு."

"வாயை மூடிக்கிட்டு எப்படிக்கா சொல்றது?"

சொன்னான். தெரிந்தது கொஞ்சம்தான். நான்கு மாதங்களுக்கு முன், இந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் உள்ள வாயு அறையில் ஓர் ஆய்வாளர் இறந்துபோனார். சிலிண்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, உள்ளே போவதே தெரியாது. அதனால்தான் அந்த அறைக்குள் போகிறவர்கள் தீப்பெட்டி அளவில் ஓர் எச்சரிக்கைக் கருவியைக் கோட்டில் மாட்டிக்கொண்டு போவார்கள். வாயு கசிந்தால் அது காது கிழிய அலறும். இறந்தவரின் கோட்டிலும் கருவி இருந்தது. ஆனால் அணைந்திருந்தது. தானே அணைத்திருக்கிறார், தானே போய்ச் சேர்ந்திருக்கிறார் என்று நாலு வரி எழுதிக் கோப்பைக் கட்டிவிட்டார்கள்.

அதை அவர் மனைவியால் ஏற்க முடியவில்லை. மறுக்கவும் முடியவில்லை. அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். திங்கட்கிழமை வந்து கல்லம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள். அழவில்லை. வாடிக்கையாளருக்குக் கண்ணாடியின் பவரைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போனாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவரா போனாரா, இல்லையா? பொண்ணுக்குப் பத்து வயசு. அப்பா ஏன் நம்மள விட்டுட்டுப் போனார்னு கேட்டுக்கிட்டே இருந்தா. ஒரு மாசமா கேக்குறதில்ல. அதான் பயமா இருக்கு."

"அன்னிக்குக் காலையில வீட்ல ஏதாவது நடந்துச்சா?"

"சண்டை. துணி துவைக்கிற விஷயமா. நான்தான் கத்தினேன். அவர் ஒண்ணும் பேசல, பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். இப்ப என் கொழுந்தன் கேக்குறார், 'நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?'ன்னு. வீட்டுக்கு வர்றப்பல்லாம் அதைத்தான் கேக்குறார்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குது. நாலாம் நாளே வேலைக்குப் போயிட்டேன். எல்லாரும் தப்பாப் பேசினாங்க. வீட்ல உட்கார்ந்திருந்தா மட்டும் என்ன தோணப் போகுது?"

கல்லம்மாவுக்கு அது புரிந்தது. உலகத்திலேயே அவளுக்கு நன்றாகப் புரிகிற விஷயம் அதுதான்.

கடைசித் துண்டு பிரெட்டை வாயில் போட்டுக்கொண்டு கையைத் துடைத்தாள். "வா, மாடிக்குப் போவோம்."

மூன்றாம் மாடியில் அவர்களைச் சந்திக்க ஒப்புக்கொண்டவள் டெக்னீஷியன் மட்டும்தான். பத்தொன்பது வருஷமாக அங்கே எலி மூளையைக் காகிதம் போலச் சீவிக்கொடுக்கிற பெண்மணி. விசாரிக்க வந்தவர்கள் யாரும் அவளிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. கூடத்தின் தலைவரான பேராசிரியரைக் கேட்டார்கள், தலையாட்டினார்கள், போனார்கள்.

"என்னைக் கேட்க ஒரு ஆள் வர்றதுக்கு நாலு மாசம் ஆச்சு. உட்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், பார்த்து" என்றாள்.

ரேடியோ ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்தான். "அம்மா, எனக்கு ஒரு சந்தேகம். மூளையைப் பத்தி ஆராய்ச்சி பண்ற இடத்துல எதுக்கு விஷ வாயு? ஏற்கெனவே நிறையப் பேருக்கு மூளை வேலை செய்யல. நீங்க வேற ஏன்?"

டெக்னீஷியன் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உங்க மூளையிலயும் அந்த வாயு இருக்கு தம்பி. மூளை செல்லே அதைத் தயார் பண்ணுது."

"ஐயையோ."

"துளியிலயும் துளி. சாதாரணமா ஒரு செல் பக்கத்து செல்லுக்குச் சேதி சொல்லணும்னா, ரசாயனத்தைச் சின்னச் சின்னப் பையில கட்டித் தயாரா வச்சிருக்கும். நேரம் வந்தா வாசலைத் திறந்து வெளிய தள்ளும். வாங்கிக்கிற செல் அதுக்குன்னே தன் பக்கம் ஒரு வாசல் வச்சிருக்கும்."

"கூரியர்."

"ஆமா. வாயு அப்படி இல்ல. கட்டி வைக்க முடியாது, தேவைப்படுறப்ப அங்கேயே தயார் பண்ணணும். வாசலும் வேண்டாம், சுவருக்குள்ளயே புகுந்து போயிடும். எதிர்ல இருக்கிற ஒருத்தருக்கு மட்டும் இல்ல, அக்கம்பக்கம் அத்தனை பேருக்கும் சேதி போகும்."

"எங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்ல நின்னு ஒரு ரகசியம் சொன்னா அப்படித்தான் போகும்."

"இப்படி மூணு வாயு இருக்கு. நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. முதல் வாயு சில விநாடியிலேயே காணாமப் போயிடும். ரெண்டாவது பிடிவாதம், லேசுல போகாது. மூணாவது அழுகின முட்டை நாத்தம். செத்துப்போன சார் ரெண்டாவதைப் பார்த்தார், பேராசிரியர் மூணாவதைப் பார்க்கிறார்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சார் என்ன தேடினார் தெரியுமா? சேதியைக் கேட்ட செல், சொன்ன செல்லுக்கு இந்த வாயுவைத் திருப்பி அனுப்புதான்னு. 'கேட்டுச்சு, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு'ன்னு சொல்ற மாதிரி. அப்படித்தான் ஞாபகம் உண்டாகுதோன்னு அவருக்கு ஒரு எண்ணம். மூளைக்குள்ள துளி இருந்தா சேதி. ரூம் நிறைய வந்தா எமன்."

கல்லம்மாவுக்கு வேண்டியது எமன் வந்த நாள். "அன்னிக்குக் காலையில அவர் கடைசியா என்ன செஞ்சார்?"

"ஒன்பதரைக்கு மூளைத் துண்டுகளை உப்புத் தண்ணியில போட்டார். வெட்டின துண்டு ஒரு மணி நேரம் ஓய்வு எடுக்கணும், அப்பத்தான் பதில் சொல்லும். அதுக்கு டைமர் வச்சுட்டு, வாயுவைத் தண்ணியில கரைச்சு எடுத்துக்கிட்டு வர அந்த ரூமுக்குப் போனார்."

"சாகப் போற ஆளு அடுப்புல பாலை வச்சுட்டுப் போவாரா?" என்றான் ரேடியோ.

"நானும் பேராசிரியர்கிட்ட அதைத்தான் சொன்னேன். பழக்க தோஷத்துல வச்சிருப்பார்னு சொல்லிட்டார்."

சொல்லலாம்தான். பழக்கத்தில் கதவைப் பூட்டிவிட்டுச் செத்தவர்களையும், செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுச் செத்தவர்களையும் கல்லம்மா பார்த்திருக்கிறாள். டைமரை வைத்துக்கொண்டு ஒன்றும் சாதிக்க முடியாது. "அப்புறம்?"

"பத்தரைக்கு டைமர் அடிச்சுது. நான்தான் அணைச்சேன். இதோ வந்துடுவார்னு நினைச்சேன்." டெக்னீஷியனின் குரல் ஒரு நொடி தடுக்கி, மறுபடி நடந்தது. "கொஞ்ச நேரத்துல பேராசிரியர் அந்தப் பக்கம் போனார். அலாரம் கத்துச்சு. நாலஞ்சு விநாடிதான், நின்னுடுச்சு. கொஞ்சம் கழிச்சு அவர் 'யாராவது வாங்க'ன்னு கத்தினார். நான் ஓடினேன்."

எழுதிக்கொண்டிருந்த கல்லம்மா நோட்டிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"எந்த அலாரம்?"

"சாரோடது. கோட்டுல மாட்டியிருக்குமே."

"சாரோடது அணைஞ்சு இருந்துச்சுன்னு ரிப்போர்ட்ல இருக்கு."

"என்னது?" டெக்னீஷியன் எழுந்துவிட்டாள். "எனக்கு யாரும் ரிப்போர்ட் காட்டலையே!"

"சுவர்ல பெரிய அலாரம் ஏதாவது உண்டா?"

"உண்டு. அது ரிப்பேருக்குப் போய் ரெண்டு வாரம் ஆகியிருந்துச்சு. அந்த இடத்துல வயர்தான் தொங்கிச்சு."

"அப்ப அலறினது எது?"

"பேராசிரியர் கோட்டுல இருக்கிறதா..." என்று தொடங்கி நிறுத்தினாள். பத்தொன்பது வருஷ வேலைக்காரி. வாயைவிட வேகமாகக் கை வேலை செய்தது. அலமாரியைத் திறந்து இரண்டு கருவிகளை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டும் கறுப்பு, ஒரே அளவு, முன்பக்கம் ஒரே மாதிரிச் சின்னத் திரை. திருப்பிக் காட்டினாள். பின்பக்கம், துணியோடு ஒட்டிக்கொள்கிற இடத்தில், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு ஸ்டிக்கர். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் மஞ்சள்.

"சிவப்பு கார்பன் மோனாக்சைடுக்கு. சாரோடது. மஞ்சள் முட்டை நாத்த வாயுவுக்கு. பேராசிரியரோடது. சிவப்புக்கு உள்ள வாயுவை மஞ்சள் கண்டுக்காது. அது செவிடு. அந்த ரூம்ல பேராசிரியரோடது கத்தியிருக்கவே முடியாது."

"ஆனா கத்தியிருக்கு" என்றாள் கல்லம்மா.

அறையில் ஒரு மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோவின் ஸ்டூல் ஒருமுறை ஆடி நின்றது.

பேராசிரியரின் அறைக்கு ஏறும் மாடிப்படியில்தான் ரேடியோவுக்கு வாய் திரும்பி வந்தது.

"கொலைக்கா! சுத்தமான கொலை! அந்த ஆளு கருவியை மாத்தி மாட்டி விட்டிருக்கான். செவிட்டுக் கருவியை நம்பி இவர் உள்ள போயிட்டார். நல்ல கருவியை அவன் வச்சுக்கிட்டான். போய் ஆள் முடிஞ்சாச்சான்னு பார்த்தான், அது கத்திக் காட்டிக்குடுத்துச்சு. அணைச்சுட்டு மறுபடி மாத்திட்டான்!"

"கடைசி வரி சரி. முதல் வரி தெரியாது."

"என்னக்கா தெரியாது? உங்களுக்குக் கோவமே வராதா?"

வராதுதான். எப்போதோ வந்திருக்கும். கல்லம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். கொலை செய்ய நினைக்கிறவன் சாட்சியைத் தன் கோட்டிலேயே மாட்டிக்கொண்டு நடப்பானா? அத்தனை படித்த ஆள், தன் கோட்டில் இருப்பது அலறும் என்று தெரியாமலா உள்ளே போனார்?

பேராசிரியருக்கு அறுபது வயதிருக்கும். ஒண்டிக்கட்டை. அறை முழுக்கப் புத்தகம், மேசையில் ஆறிப்போன டீ. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். காலர் அழுக்கேறிப் பழுப்பாக இருந்தது, கைப்பக்கம் கசங்கி முழங்கை வரை சுருண்டிருந்தது. அந்தக் கோட்டு இஸ்திரியைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருக்கும். இறந்தவரின் புகைப்படம் கல்லம்மாவின் பையில் இருந்தது. அதில் அவர் கோட்டில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை.

"அஞ்சு நிமிஷம்தான்" என்றார் பேராசிரியர்.

"ஒரு கேள்விதான். அன்னிக்கு அந்த ரூம் வாசல்ல உங்க கோட்டுல இருந்த கருவி ஏன் அலறிச்சு?"

அவர் டீயை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"கேட்ட ஆள் இருக்காங்க. சுவர்ல அலாரம் இல்லைன்னும் தெரியும். மஞ்சள் அங்கே கத்தாதுன்னும் தெரியும்" என்றாள் கல்லம்மா.

ரேடியோ கதவில் சாய்ந்து நின்றான். "சார், அஞ்சு நிமிஷத்துல ஒண்ணு போயிடுச்சு."

பேராசிரியர் தன் கையையே பார்த்துக்கொண்டு பேசினார். "மாத்தினது நான்தான். ஆனா அவர் போன பிறகு மாத்தினேன்."

"முதல்லேருந்து சொல்லுங்க."

"கதவைத் திறந்தேன். என் கோட்டுல இருந்தது அலறிச்சு. ஒரு விநாடி எனக்குப் புரியல. என்னோடது அங்கே அலறவே கூடாதே. கீழே அவர் கிடந்தார். பொத்தானை அழுத்தி அதை நிறுத்தினேன். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அவரை வராண்டாவுக்கு இழுத்துப் போட்டேன்."

"நாடி பார்த்தீங்களா?" ரேடியோவின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. ஆம்புலன்ஸ்காரன் கேட்டான்.

"பார்த்தேன். இல்ல. ரெண்டு பக்கமும் பார்த்தேன். இழுத்ததுல அவர் கோட்டுக் கருவி திரும்பியிருந்துச்சு. மஞ்சள் ஸ்டிக்கர். என்னோடதைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு." நிறுத்தினார். "அதுக்கப்புறம்தான் மாத்தினேன். அணைஞ்சதை அவர் கோட்டுல மாட்டினேன். அப்புறம்தான் கத்தினேன்."

"சாகறதுக்கு முன்னாடி யார் மாத்தினது?"

"யாரும் மாத்தல. அன்னிக்குக் காலையில கோட்டு ரெண்டும் துவைச்சு, தேய்ச்சு, கருவியெல்லாம் மாட்டி வந்துச்சு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துப் போட்டுக்கிட்டோம். நானும் பார்க்கல, அவரும் பார்க்கல."

"எங்கேருந்து வந்துச்சு?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "அவர் வீட்லேருந்து."

கல்லம்மா கேட்க வேண்டிய அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. பதில் திங்கட்கிழமையே அவள் நோட்டில் ஏறிவிட்டது. துணி துவைக்கிற விஷயமாகச் சண்டை.

"சலவைக் கம்பெனிக்காரங்க தாமதம் பண்றாங்கன்னு நான்தான் அவங்களை நிறுத்தினேன்" என்றார் பேராசிரியர். "நான் தனி ஆள். ஒரு நாள் அவர், 'குடுங்க சார், எங்க வீட்ல துவைக்கிறப்போ உங்களோடதையும் சேர்த்துப் போட்டுடறோம்'னார். ரெண்டு வருஷம் அப்படியே ஓடிடுச்சு. கோட்டு இந்தக் கட்டடத்தை விட்டு வெளிய போகக் கூடாது. அந்த ரூலை எழுதினவனும் நான்தான்."

"அது வெளிய தெரியக் கூடாதுன்னு, செத்த மனுஷனைத் தற்கொலைக்காரனா ஆக்கிட்டீங்க" என்றான் ரேடியோ.

"நான் தற்கொலைன்னு சொல்லல. அவங்க சொன்னாங்க. நான் மறுக்கல."

"அடேங்கப்பா! என்ன ஒரு நேர்மை!"

பேராசிரியர் டீக்கோப்பையை நகர்த்தி வைத்தார். "அன்னிலேருந்து எனக்கு எதுவும் உறைக்கிறதில்ல. தூங்குறேன், சாப்பிடுறேன். குற்ற உணர்ச்சி வரும்னு எதிர்பார்த்தேன். அதுவும் வரல" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

கல்லம்மா அவர் முன்னால் வெள்ளைத்தாளை நகர்த்தினாள். "வர்றப்போ வரட்டும். இப்ப எழுதுங்க. நிறுத்தினது, மாத்தினது, மறுக்காம இருந்தது, எல்லாம். கையெழுத்து, தேதி."

எழுதினார். இரண்டு பக்கம் வந்தது. அவள் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தாள்.

வண்டியில் ரேடியோ இரண்டு சிக்னல் வரை பேசவில்லை. அவனுக்கு அது சாதனை.

"அக்கா. அந்தம்மா கையாலதானே மாட்டியிருக்காங்க?"

"ம்."

"தெரியாம."

"தெரியாமத்தான். பேனாவையும் அடையாள அட்டையையும் எடுத்து வைக்கிற மாதிரி அதையும் எடுத்து வச்சிருப்பா. துவைச்சுத் தேய்ச்சு மாட்டியிருப்பா."

"சொல்ல வேண்டாம்கா." அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கெஞ்சினான். "அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, அவரா போனாரான்னு. இல்லைன்னு சொல்வோம். பேராசிரியர் கருவியை மாத்திட்டார்னு சொல்வோம். பொய் இல்லையே, மாத்தினாரே. அந்த ஆளு தலையில போட்டா என்ன குறைஞ்சு போகும்? நல்லா வாங்கிக்கட்டும்."

கல்லம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பஸ் ஸ்டாப்பில் ஒருவர் குடையைத் திறக்க முடியாமல் போராடிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கிறாள். கேட்டவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று திரும்பிப் பார்த்ததில்லை. இன்றைக்கும் அப்படிச் செய்துவிடலாம், சிரமமே இல்லை.

"அவ முட்டாள் இல்ல" என்றாள். "பாதியைச் சொன்னா மீதியை அவளே கண்டுபிடிப்பா. இன்னிக்கு இல்லாட்டி அடுத்த வாரம், துணி மடிச்சு வைக்கிறப்போ. அப்ப பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க."

ரேடியோ கியரை மாற்றினான்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. முதலாளி கல்லாவில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே சின்ன மேசையில், ஒரு கண்ணாடியின் காதுப்பிடியில் கழன்ற திருகை ஊசிமுனை ஸ்க்ரூடிரைவரால் முடுக்கிக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் திருகை முழுவதும் முடுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"சொல்லுங்க."

கல்லம்மா சுற்றி வளைக்கவில்லை. "அவரா போகல. விபத்து. ஒரு மணி நேரத்துல திரும்பி வந்து வேலை பார்க்கறதுக்காக டைமர் வச்சுட்டுப் போயிருக்கார். கருவியை அவர் அணைக்கல. அணைச்சது பேராசிரியர், அவர் இறந்த பிறகு. எழுதிக் குடுத்திருக்கார்."

அவள் தலையை ஆட்டினாள். ஒருமுறை, இரண்டுமுறை. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அவரா போகல" என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு, கடையில் தினமும் கணக்காக லென்ஸ் பொருத்துகிறவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அப்ப அவர் கருவி ஏன் கத்தல?"

ரேடியோ முந்திக்கொண்டான். "அது கோளாறும்மா, அந்தப் பேராசிரியர்தான்..."

"ரேடியோ" என்றாள் கல்லம்மா.

அவன் நிறுத்திக்கொண்டான்.

கல்லம்மா சொன்னாள். இரண்டு கருவி, வெளியே ஒரே மாதிரி, பின்னால் வேறு நிறம். அவர் கோட்டில் பேராசிரியருடையது இருந்தது. பேராசிரியர் கோட்டில் அவருடையது. அன்று காலையில் துவைத்து வந்த கோட்டுகள்.

அவள் மேசையைப் பார்த்தாள். அதில் எதுவும் இல்லாத ஓர் இடத்தைப் பார்த்தாள்.

"ரெண்டையும் டைனிங் டேபிள்ல வச்சேன்" என்றாள் மெதுவாக. "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருந்துச்சு. அடுத்தவன் கோட்டையெல்லாம் நான் எதுக்குத் துவைக்கணும்னு அவரைத் திட்டிக்கிட்டே மாட்டினேன். அவர் பக்கத்துல நின்னு பல் தேய்ச்சுக்கிட்டு இருந்தார்."

"கோட்டு உங்க வீட்டுக்கு வந்திருக்கவே கூடாது. சலவையை நிறுத்தினவர் ஒருத்தர், சுவர் அலாரத்தைக் கழட்டிட்டு ரூமைத் திறந்து வச்சவங்க சிலர். போட்டுக்கறதுக்கு முன்னாடி திருப்பிப் பார்த்திருக்க வேண்டியவங்க ரெண்டு பேர். உங்ககிட்ட அது என்னன்னுகூட யாரும் சொல்லல."

"ஆனா மாட்டினது நான்."

"ஆமா" என்றாள் கல்லம்மா. இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எதிரில் இருந்த கையைப் பிடித்துக்கொண்டாள். இப்படிச் செய்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரியவில்லை. பிடித்த பிறகு எப்போது விடுவது என்றும் தெரியவில்லை.

முதலாளி செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, என்னவோ என்று எட்டிப் பார்த்தார். ரேடியோ அவர் பார்வையை மறைத்து நின்றுகொண்டான்.

"போன வாரம் என் பொண்ணோட ஸ்கூல் நோட்டைப் பார்த்தேன்" என்றாள் அவள். "கடைசிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கா. அன்னிக்கு நாங்க சண்டை போட்டோம்ல, அதுல கோவிச்சுக்கிட்டு, அவர் கிளம்பறப்போ கையாட்டினதுக்கு இவ திரும்பிக்கிட்டாளாம். அதனாலதான் அப்பா செத்துப்போயிட்டார்னு எழுதியிருக்கா. அதான் கேக்குறதை நிறுத்திட்டா. பதில் தனக்கே தெரியும்னு நினைச்சிருக்கா."

கல்லம்மாவின் கை இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"எனக்கு அதைப் படிச்சப்பவும் ஒண்ணும் தோணல. நோட்டை மூடி வச்சுட்டு விளக்கை அணைச்சேன்."

எழுந்தாள். ஸ்க்ரூடிரைவரை அதன் உறையில் போட்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நாலு மணிக்கு ஸ்கூல் விட்டு வருவா. இன்னிக்கே சொல்லிடறேன், நீ இல்லடி, நான்தான்னு."

"பத்து வயசுப் புள்ளைகிட்ட போயாம்மா?" ரேடியோ அவள் பக்கம் திரும்பினான். "அது உங்களை என்னன்னு நினைக்கும்?"

"என்ன வேணா நினைக்கட்டும். என் மேல கோவம் வந்தா வரட்டும். எனக்கு முப்பத்தேழு வயசு, நான் தாங்கிக்குவேன்."

சொல்லிவிட்டு இரண்டு எட்டு வைத்தாள். கண்ணாடி அலமாரியின் விளிம்பைப் பிடித்தாள். நான்கு மாதமாக வராத அழுகை அங்கே, நூறு கண்ணாடிகளுக்கு முன்னால், நின்றபடி வந்தது. சத்தமாக வந்தது. முதலாளி பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினார். கல்லம்மா அவள் தோளைப் பிடித்து நின்றாள். சுவர்க்கடிகாரத்தில் மணி மூன்றேகால்.